பூர்விகச் செடி

வாயில் நிலையத்தில் காலை வேலை மலத்தோடுதான் தொடங்கும்.

முதல் நாள் மாலை வந்த பார்வையாளர்கள் வெள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்திருப்பார்கள். விடிந்ததும் வரிசையாக வந்து, எண் போட்ட பீங்கானில் உட்கார்ந்து, வயிற்றில் இருப்பதை எல்லாம் இறக்குவார்கள். அடியில் சல்லடை. நீர் பாய்ந்து கரைய வேண்டியது கரைந்த பின் விதைகள் மட்டும் மிஞ்சும். கொய்யா, எள், அத்தி, மிளகாய். சேந்தன் இடுக்கியால் அவற்றைப் புரட்டிப் பார்ப்பான்.

பொறி ஏற்கெனவே பார்த்து முடித்திருக்கும். ஆனாலும் காப்பு வனத்துக்குள் எது போகலாம், எது உயிரோடு இருக்கலாம் என்பதைக் கடைசியாக ஒரு மனிதன் பார்த்து ஒப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதனுக்கு ஒப்பாளர் என்று பெயர். நிலையத்தில் இரண்டு ஒப்பாளர்கள். சேந்தன் ஒருவன். இன்னொருத்தி மசினி.

வெளிச்செடிகள் இப்படித்தான் காடுகளுக்குள் நுழைந்தன என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். செருப்பில், சக்கரத்தில், குடலில். வேரூன்றிய பிறகு போராடிப் பயனில்லை. முளைக்கும் முன்பே தடுக்க வேண்டும். தவறினால் இரண்டு இலை விடும்போதே பிடித்துவிட வேண்டும்.

தக்காளி விதைக்கு மட்டும் தடை கிடையாது. திரையில் அதற்கு நேரே பச்சைப் புள்ளி எரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சல்லடையில் அதுதான் எப்போதும் அதிகம் என்பதால், கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகவும் யாருக்கும் தோன்றியதில்லை.

"இன்னும் எத்தனை தடவைங்க உட்காரணும்?" வேட்டியை இடுப்பில் இழுத்துச் செருகியபடி ஒருவர் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

"சல்லடை சுத்தமாகற வரைக்கும்" என்றாள் மசினி. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"மச்சினிச்சி கல்யாணங்க. விருந்து."

"தெரியுதுங்க. பாயசம் வரைக்கும் தெரியுது. போய் உட்காருங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. சேந்தன் சிரிக்கவில்லை. அடுத்த சல்லடையை இழுத்தான்.

கழித்து முடித்தவர்களுக்கு உள்ளே போக அனுமதி உண்டு. உள்ளே போனவர்களில் பாதிப் பேர் அழுவார்கள். சமவெளியெல்லாம் கட்டடமாகவும் உப்புத் தரையாகவும் ஆன பிறகு மிஞ்சிய இயற்கைக் காடுகள் மூன்று. மசினமலைக் காப்பு வனம் அவற்றில் ஒன்று. அடிவாரத்தில் சீமைக்கருவேலம். ஓடையை மூடி ஆகாயத்தாமரை. அதற்கு மேல், செங்குத்துப் பாறை தொடங்கும் இடம் வரை, ஆள் உயரத்துக்கு இடைவெளியே இல்லாமல் உண்ணிச்செடி. ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும். உண்ணிப்பூதான் மாநில மலர். பள்ளிச் சட்டைப் பையில் அதைத்தான் தைத்திருப்பார்கள். குழந்தைகள் அந்தப் படத்தையும் எதிரே நிற்கும் செடியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பெரியவர்கள் அதன் இலையை முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இயற்கை என்பார்கள்.

இலையில் பூனை மூத்திர வாடை அடிக்கும்.

காட்டைக் காக்க மோப்பிகள் உண்டு. நகத்தின் அளவுள்ள பறக்கும் பொறிகள். இலை விடும் வாசனையை முகர்ந்து இனம் பிரித்து, மூலப்பதிவோடு ஒப்பிடும். மூலப்பதிவு என்பது நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், காடு காப்பு வனமாக அறிவிக்கப்பட்டபோது எடுத்த கணக்கு. அன்று இருந்தவை பூர்விகம். அன்று இல்லாதவை வெளிச்செடி. வெளிச்செடி அகப்பட்டால் பிடுங்கி என்ற இன்னொரு பொறி வரும். ஆட்டுக்குட்டி அளவு, ஆறு கால். ஒப்பாளர் விரல் வைத்ததும் செடியை வேரோடு இழுத்துத் தன் வயிற்றில் போட்டு எரித்துவிடும். இத்தனை ஆண்டுகளில் ஒரு வெளிச்செடிகூட மசினமலையில் மூன்றாவது இலையைப் பார்த்ததில்லை. வேறு நாடுகளிலிருந்து வந்து இதைப் படித்துப் போனார்கள்.

குயிலியின் வேலை மோப்பிகளைப் பழுதுபார்ப்பது. சேந்தனுக்கு மனைவி. ஒரு நாள் மதியம், ஒடிந்த இறக்கை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தவள் தலையை மேசையில் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சேந்தன் விளக்கை அணைத்துவிட்டுப் போனான். மூளையில் ஒரு குழாய் வெடித்திருந்தது. அவளுக்கு முப்பது முடியவில்லை.

நிலையத்தில் வேலை பார்த்தவர்களைக் காட்டிலேயே மண்ணாக்கலாம் என்பது ஒரு சலுகை. மண்ணாக்கப் பெட்டி அவளை ஒரு தள்ளுவண்டி கறுப்பு மண்ணாகத் திருப்பித் தந்தது. அதைப் பரப்ப இடம் வேண்டும். உண்ணிச்செடி பூர்விகம் என்பதால் வெட்ட அனுமதி கேட்டு எழுதினான். ஒரு ஆள் படுக்கும் அளவுக்குக் கொடுத்தார்கள். பாறையடியில் அந்த அளவுக்கு மட்டும் வெட்டி, கையெல்லாம் கீறலோடு அவளைப் பரப்பினான். அந்தக் காட்டில் தரையில் வெயில் விழுந்த ஒரே இடம் அதுதான்.

குயிலிக்கு உண்ணி வாடை பிடிக்காது. தலைவலிக்கும். "நான் செத்தா என் மேல இந்தச் சனியன் மட்டும் முளைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் சேந்தன் வாரம் ஒரு முறை போய், ஓரத்திலிருந்து உள்ளே நீளும் உண்ணிக் கிளைகளை ஒதுக்கிவிட்டு வருவான். ஒடிக்க அனுமதி இல்லை. ஒதுக்கலாம்.

முதல் மழைக்குப் பிறகு ஒரு நாள் போனபோது பிடுங்கி அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால், அவள் மண்ணின் நடுவில், ஒரு முளை. இரண்டு இலை. வெளிர்பச்சை.

"வெளிச்செடி" என்றது பிடுங்கி. "மூலப்பதிவில் இல்லை. இரண்டு இலைப் பருவம். ஒப்புக."

அவன் இதுவரை ஆயிரக்கணக்கில் ஒப்பியிருக்கிறான். செடியைப் பார்க்காமலே விரல் வைப்பது வழக்கம். இப்போது குனிந்து பார்த்தான். முளையின் காலடியில் உடைந்த அப்பளம் போல வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது. விதையின் கூடு.

"இரு" என்றான்.

"ஒப்புக" என்றது பிடுங்கி.

மாலையில் அந்தக் கூட்டை மசினியிடம் காட்டினான். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேங்கை" என்றாள். "எங்க பக்கம் அப்படிச் சொல்லுவாங்க. அந்தா, பாறைக்கு மேல ஒத்தை மரம் நிக்குதுல்ல, அது. காத்தடிச்சா பறந்து வரும். வருசா வருசம் எவ்வளவு எரிச்சிருக்கேன் தெரியுமா?"

"அது எப்படிக்கா அங்க மட்டும் நிக்குது?"

"பிடுங்கிக்குப் பாறை ஏறத் தெரியாது, தம்பி."

சேந்தன் நிமிர்ந்து பாறையைப் பார்த்தான். ஐந்து வருடமாக அதே இடத்தில் வேலை. அந்த மரத்தை அவன் பார்த்ததே இல்லை. பார்த்திருப்பான், கவனித்ததில்லை.

"அக்கா, அப்ப அது இந்த மலையோட மரம்தானே?"

"அதெல்லாம் என்னைக் கேக்காத. எரின்னு சொன்னா எரிப்பேன்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மறுப்பு எழுதிப் போடேன். ஆணையர் நேர்ல வந்து பாக்கற வரைக்கும் அதைத் தொட முடியாது. அவரு எங்க வரப் போறாரு?"

ஒப்பாளருக்கு மறுக்கும் உரிமை உண்டு. சட்டத்தில் இருந்தது, யாரும் பயன்படுத்தியதில்லை. சேந்தன் பயன்படுத்தினான். ஆணையர் வரத் தாமதமாகும் என்று பதில் வந்தது. நல்லதாகப் போயிற்று. மழை பெய்தது. வேங்கை மூன்றாவது இலை விட்டது. பிறகு எண்ணவில்லை. முழங்கால் உயரம் வந்தது. இலை வழவழப்பாக, தடிப்பாக, எந்த வாடையும் இல்லாமல் இருந்தது. பிடுங்கி ஒவ்வொரு நாளும் வந்து அதன் முன்னால் நின்று "ஒப்புக" என்று கேட்டுவிட்டுப் போனது. சேந்தனும் ஒவ்வொரு நாளும் போனான். உட்கார்ந்திருந்தான். மற்ற நேரங்களில் உடம்பில் எங்கும் எதுவும் உறைக்காமல் இருந்தவனுக்கு, அங்கே உட்கார்ந்தால் பசி எடுத்தது. அவள் போன பிறகு அதுவே பெரிய விஷயம்.

குளிர் தொடங்கும் சமயத்தில் ஆணையர் வந்தார்.

பெயர் நல்லசிவம். கனத்த உடம்பு, இனிமையான குரல். உதவியாளர் இல்லாமல் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். மாத்திரையும் சல்லடையும் அவருக்குக் கிடையாது. ஆணையர் பதவிக்கு விலக்கு உண்டு.

"நேத்து அடிவாரத்துல பெரிய விருந்துப்பா. பிரியாணி. விட மாட்டேங்கறாங்க" என்று வயிற்றைத் தடவினார். "பச்சடியில என்ன போட்டாங்களோ, ராத்திரியில இருந்தே ஒரு மாதிரி இருக்கு. சரி, எங்க உன் செடி?"

சேந்தன் கிளைகளை ஒதுக்கி வைத்திருந்த ஒற்றைத் தடத்தில் பாறையடிக்கு நடந்தார்கள். பிடுங்கி பின்னால் வந்தது. ஆணையர் செடியைப் பார்த்தார். தலையாட்டினார்.

"வேங்கை" என்றார்.

சேந்தன் ஒரு அடி முன்னால் வந்தான். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? இந்த மலை முழுக்க ஒரு காலத்துல இதுதான். பயிற்சியில முதல் வாரமே சொல்லிடுவாங்க. மூலப்பதிவு எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுவாங்க. விழுந்து விழுந்து சிரிப்போம்." அவர் ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தார். "கணக்கு எடுத்தது மார்ச் மாசம்ப்பா. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள முடிக்கணும். இல்லைன்னா ஒதுக்கின நிதி திரும்பிப் போயிடும். யானை பயம் வேற. ஜீப்பை விட்டு இறங்காம, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் என்ன தெரிஞ்சுதோ அதை எடுத்துட்டாங்க. ரோட்டோரம் என்ன இருக்கும்? உண்ணிதான். வேங்கை எல்லாம் உள்ள தள்ளி, இலை கொட்டி நின்னுது. கருவி அதைச் செத்த கட்டைன்னு எழுதிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? செத்த கட்டையை ஏலம் விட்டாங்க."

பிடுங்கி அசையாமல் நின்றது. ஒரு மோப்பி வந்து ஆணையரின் தோளில் உட்கார்ந்து முகர்ந்துவிட்டுப் போனது.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சார் மாத்தல?"

"எப்படி மாத்தறது, சொல்லு. பதிவைத் திருத்தி வேங்கையை உள்ள சேர்த்தா, கடல் தாண்டி வந்த உண்ணி வெளிச்செடின்னு ஆயிடும். அதைப் பிடுங்க ஆரம்பிச்சா மலையில மிச்சம் என்ன நிக்கும்? மொட்டைப் பாறை. காடே இல்லாத மலைக்கு ஆணையர் எதுக்கு? ஒப்பாளர் எதுக்கு? வந்து அழுதுட்டுப் போறாங்களே சனங்க, அவங்க எங்க போய் அழுவாங்க?" குரலில் கோபமே இல்லை. "நான் பிறந்ததுல இருந்து இதான் காடு. நீ பிறந்ததுல இருந்தும் இதான். நமக்குத் தெரிஞ்சது பூர்விகம். அதுக்கு முன்னாடி போனா முடிவே கிடையாதுப்பா."

"சார், இது என் மனைவி..." சேந்தன் செடியின் அடியைக் காட்டினான். "அவளோட மண்ணு. ஒரு செடிதான். பாறையடியில யார் கண்ணுலயும் படாது. இதை மட்டும் விட்டுடுங்க."

ஆணையர் அவன் தோளைத் தொட்டார். உண்மையான இரக்கம். "எனக்குப் புரியாம இல்லை. ஒரு விதிவிலக்கு கொடுக்கலாமான்னு பாக்கறேன். எழுதி..."

பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கல்லிலிருந்து எழுந்து இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கும் உண்ணி. முள்ளும் கிளையுமாக, ஒரு ஆள் நுழைய முடியாத அடர்த்தி. வெற்றிடம் ஒன்றுதான் இருந்தது.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார்.

"சார், அங்க வேண்டாம். அங்க..."

அவர் அதற்குள் குந்திவிட்டார்.

சேந்தன் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லை. சத்தம் கேட்டது. நாற்றம் வந்தது. உண்ணியின் வாடையையும் மீறி வந்தது. காலையில் அவன் புரட்டும் எல்லாச் சல்லடைகளையும் விடக் கேவலமான நாற்றம், நேற்றைய பிரியாணியின் பட்டையும் கிராம்பும் கலந்து. குயிலியின் தலைமாடு எது, கால்மாடு எது என்று அவனுக்குத் தெரியும். தலைமாட்டில் குந்தியிருந்தார்.

முடித்தவர் கையை நீட்டித் துழாவினார். உண்ணி இலை சுரசுரப்பானது, தோலைக் கிழிக்கும். பக்கத்தில் வேங்கை இருந்தது. வழவழப்பான இலை. ஒன்றொன்றாகப் பறித்துத் துடைத்துப் போட்டார். கடைசி இலை வரை தேவைப்பட்டது.

எழுந்து நின்றபோது அவர் முகத்தில் தெளிவு வந்திருந்தது. செடியைப் பார்த்தார். ஒரு குச்சி நின்றது.

"இனிமே இது பிழைக்காதுப்பா" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "அப்ப விதிவிலக்குக்கு எழுதியும் புண்ணியமில்லை. நீ விரல் வைக்கறியா?"

சேந்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சரி, பரவாயில்லை. நானும் மனுசன்தானே." ஆணையர் பிடுங்கியின் முதுகில் இருந்த கண்ணாடிச் சில்லில் தன் கட்டைவிரலைப் பதித்தார். கண்ணாடியில் பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. பிடுங்கி குனிந்து குச்சியை வேரோடு இழுத்தது. வேர் எதிர்பார்த்ததைவிட நீளம். முனையில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிற்று. மெல்லிய புகை வந்தது.

"வெளிச்செடி நீக்கப்பட்டது" என்றது. "காடு தூய்மையாக உள்ளது."

"கை கழுவத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார் ஆணையர்.

அவர் போன பிறகு சேந்தன் வெறுங்கையால் எல்லாவற்றையும் அள்ளி, துடைத்த இலைகளையும் பொறுக்கி, நிலையத்தின் சல்லடைத் தொட்டியில் கொண்டுவந்து கொட்டினான். மண்ணில் ஊறியதை அள்ள முடியவில்லை. அள்ளினால் அவளையும் அள்ள வேண்டியிருக்கும். மசினி வாசலில் நின்று பார்த்தாள். சோப்பை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

சில வாரங்கள் அவன் பாறையடிக்குப் போகவில்லை. சல்லடை, இடுக்கி, விரல். சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள், உண்ணிக் கிளைகள் உள்ளே நீண்டிருக்கும் என்ற நினைவு வந்து எழுந்து போனான்.

மோப்பிகள் கூட்டமாக வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அப்படி அவன் பார்த்ததில்லை. கீழே, தலைமாட்டில், ஒரு செடி. கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. தண்டில் மயிர், வெட்டுவெட்டான இலை, மஞ்சள் பூ. மண்ணுக்குப் போட்ட உரம் அப்படி.

தக்காளி.

சேந்தன் குனிந்து தண்டைப் பிடித்தான். பிடுங்கப் போனவனின் மணிக்கட்டை ஒரு இரும்புக் கால் தடுத்தது.

"தொட வேண்டாம்" என்றது பிடுங்கி. "பூர்விகச் செடி."

"என்னது?"

"மூலப்பதிவில் உள்ளது. அதன் பிறகு இம்மலையில் காணப்படவில்லை. அரிய இனம். முழுக் காப்புக்கு உரியது."

பிடுங்கியின் பக்கவாட்டுத் திரை ஒளிர்ந்தது. பழைய படம். மார்ச் வெயில். சாலையோரம் ஒரு ஜீப். அதன் முகப்பில் பிரித்து வைத்த சோற்றுப் பொட்டலங்கள், சிவந்த சோறு. பின்னால் கிளைகளில் இலையே இல்லாத பெரிய மரங்கள் மங்கலாக. சாலையிலிருந்து நாலடி தள்ளி, கணக்கெடுக்க வந்தவர்கள், இதற்கு மட்டும் ஜீப்பை விட்டு இறங்கி, வரிசையாகக் குந்தியிருந்தார்கள். முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவர்களைச் சுற்றி, அதே இடத்தில் அவர்களுக்கு முன் எத்தனையோ சுற்றுலாக்காரர்கள் குந்திப் போன புண்ணியத்தில், பூவும் காயுமாகத் தக்காளிச் செடிகள். அந்த வெயிலிலும் பச்சையாக நின்றன. கருவி ஒவ்வொரு செடியையும் வட்டமிட்டு, பெயர் எழுதி, கவனமாக எண்ணியிருந்தது.

"கண்டறிந்தமைக்கு நன்றி" என்றது பிடுங்கி. அதன் கால்களிலிருந்து நீல ஒளிக்கோடு ஒன்று கிளம்பி, செடியைச் சுற்றி வேலியாக விரிந்தது. "காப்பு எல்லை. விலகி நிற்கவும்."

வேலி குயிலியின் மண் முழுவதையும் உள்ளே எடுத்துக்கொண்டது.

"இது என் மனைவியோட இடம்" என்றான் சேந்தன்.

"விலகி நிற்கவும்."

அவன் விலகினான்.

செய்தி பரவியது. அழிந்துபோனதாக நினைத்த பூர்விகத் தாவரம் மசினமலையில் மீண்டும் முளைத்தது என்று எல்லாத் திரைகளிலும் சொன்னார்கள். ஆணையர் நல்லசிவம் வேலிக்கு வெளியே நின்று கைகூப்பும் படம் வந்தது. தம் பதவிக் காலத்தில் இது நடந்தது தம் பாக்கியம் என்றார். அடக்கமாகத்தான் சொன்னார்.

முதல் காய் சிவந்த வாரத்தில் வாயிலில் கூட்டம் சாலை வரை நின்றது. கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். முழங்கால் வலியோடு வந்திருந்தார்கள். எல்லோரும் மாத்திரை விழுங்கினார்கள். எல்லோரும் காலையில் உட்கார்ந்து, குடல் எரிய எரியத் தங்களைச் சுத்தம் செய்துகொண்டார்கள்.

"பாயசம், இன்னொரு தடவை உட்காருங்க" என்றாள் மசினி யாரையோ பார்த்து. கல்யாணத்துக்குப் போனவர் மறுபடி வந்திருந்தார்.

சேந்தன் அவருடைய சல்லடையை இழுத்தான். எள் இல்லை, மிளகாய் இல்லை. தக்காளி விதைகள் மட்டும் கும்பலாக ஒட்டியிருந்தன. திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"இப்ப நான் சுத்தங்களா?" என்று கேட்டார் அவர்.

"சுத்தம்" என்றான் சேந்தன். விரல் வைத்தான். "போங்க."